வண்ணத் தரையும் தண்ணீர்க் கணக்கும்

சிவகங்கை மாவட்டத்து ஆத்தங்குடியில் தரைக்கல் வார்ப்பவர் முதலில் கையில் எடுப்பது ஒரு சதுரக் கண்ணாடித் துண்டு. அதைத் தூசு இல்லாமல் துடைத்து, மேலே இரும்புச் சட்டத்தை வைத்து, சட்டத்துக்குள் தகட்டால் செய்த பூ அச்சை இறக்குகிறார். அச்சின் ஒவ்வொரு கட்டத்திலும் சிமெண்டும் ஆக்சைடு பொடியும் கலந்த குழம்பைச் சிறு கரண்டியால் ஊற்றுகிறார்: இதழுக்குச் சிவப்பு, நடுவட்டத்துக்கு மஞ்சள், சுற்றிலும் பச்சை. பிறகு அச்சை நேராக மேலே தூக்குகிறார். கை துளி அசைந்தாலும் நிறங்கள் ஒன்றோடொன்று கலந்துவிடும். அதன் மேல் உலர்ந்த சிமெண்ட் மணலைத் தூவுகிறார். கடைசியாக ஈரக் கலவையை நிரப்பிக் கரண்டியால் அழுத்தி மட்டம் செய்கிறார். கல் இறுகியதும் தண்ணீர்த் தொட்டிக்குள் போய்ச் சில நாள் ஊறுகிறது. வெளியே எடுத்து, காயவைத்து, கண்ணாடியைப் பிரித்தால் முகம் பார்க்கும் அளவுக்கு மின்னும் பூக்கல் கையில் இருக்கும்.

இதில் சூளை கிடையாது, மெருகு ஏற்றும் இயந்திரமும் கிடையாது. கடைகளில் விற்கும் விட்ரிஃபைடு ஓடு ஏறத்தாழ 1,200 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் வெந்துதான் பளபளப்பு பெறுகிறது. ஆத்தங்குடிக் கல்லுக்கு அந்தப் பளபளப்பைக் கொடுப்பது கண்ணாடி. நீர்த்த சிமெண்ட் குழம்பு, தான் தொட்டுக்கொண்டிருக்கும் பரப்பை நுண்ணிய அளவில் அப்படியே நகலெடுத்து இறுகும். மரப்பலகை மேல் வார்த்தால் மரத்தின் ரேகை பதியும். கண்ணாடி மேல் வார்த்தால் கண்ணாடியின் வழவழப்பு பதியும். வழவழப்பான பரப்பில் படும் ஒளி சிதறாமல் ஒரே திசையில் திரும்புகிறது. அதைத்தான் கண் பளபளப்பு என்று உணர்கிறது.

அந்தப் பட்டறையில் தண்ணீர் எப்படி நடத்தப்படுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். அச்சுக்குள் ஓடிப் பரவும்படி நிறக்குழம்பில் தண்ணீர் தாராளமாக இருக்கிறது. வேலை முடிந்ததும் அந்த உபரி நீரை, மேலே தூவிய உலர்ந்த கலவை உறிஞ்சிக்கொள்கிறது. இறுகிய பிறகு, தொட்டியில் போட்டு மறுபடியும் தண்ணீர் ஊட்டப்படுகிறது. வார்க்கும்போது மிஞ்சிய நீரை வெளியேற்றுவதும், இறுகும்போது தேவையான நீரை உள்ளே நிறுத்துவதும்தான் அலங்காரக் கான்கிரீட்டின் அடிப்படை. காவித் தரை, மொசைக் தரை, வாசலில் போடும் அச்சுக் கான்கிரீட் என எந்த வகையை எடுத்தாலும், அது நன்றாக வந்திருந்தால் இந்தக் கணக்கு சரியாக இருந்திருக்கும். வெடித்தோ வெளுத்தோ பொடி உதிர்ந்தோ போயிருந்தால், பெரும்பாலும் இந்தக் கணக்கில்தான் எங்கோ பிசகு.

சிமெண்ட் காய்ந்து இறுகுகிறது என்பது பொதுவான நம்பிக்கை. உண்மையில் அது தண்ணீரைக் குடித்து இறுகுகிறது. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்துக் கொத்தனார் ஜோசப் ஆஸ்ப்டின் 1824-இல் போர்ட்லேண்ட் சிமெண்டுக்குக் காப்புரிமை பெற்றார். இன்றைய சிமெண்ட், சுண்ணாம்புக்கல்லையும் களிமண்ணையும் ஏறத்தாழ 1,450 டிகிரியில் சுட்டு அரைத்த பொடி. அதிலுள்ள கால்சியம் சிலிக்கேட்டுகள் தண்ணீருடன் வினைபுரிந்து இரண்டு பொருள்களை உண்டாக்குகின்றன. ஒன்று, கால்சியம் சிலிக்கேட் ஹைட்ரேட். மணலையும் ஜல்லியையும் ஒட்டிப் பிடிக்கும் பசை இதுதான். மற்றொன்று, கால்சியம் ஹைட்ராக்சைடு. வெற்றிலையில் தடவும் சுண்ணாம்பும் இதே பொருள்தான். இந்தச் சுண்ணாம்பு பின்னால் பல இடங்களில் தலைகாட்டும். தரை வெள்ளை பூப்பதும், எலுமிச்சைச் சாறு பட்ட இடம் அரித்துப்போவதும் இதனால்தான்.

வினைக்கு வேண்டிய தண்ணீர் மிகக் குறைவு. சிமெண்டின் எடையில் சுமார் 23 விழுக்காடு மட்டுமே வேதியியல் முறையில் பிணைகிறது. 50 கிலோ மூட்டைக்குப் பதினொன்று, பன்னிரண்டு லிட்டர். ஆனால் அவ்வளவு மட்டும் ஊற்றினால் கலவை கரண்டிக்கு அடங்காது. நல்ல கலவைக்கு மூட்டைக்கு 22 முதல் 25 லிட்டர் வரை தேவைப்படுகிறது. அதற்கு மேல் ஊற்றும் ஒவ்வொரு லிட்டரும் வினையில் சேராமல் ஆவியாகி, தான் இருந்த இடத்தில் நுண்துளைகளை விட்டுச் செல்கிறது. தண்ணீருக்கும் சிமெண்டுக்கும் உள்ள விகிதம் கூடக்கூட வலிமை குறையும் என்பதைச் சிகாகோவில் டஃப் ஆப்ரம்ஸ் 1918-இலேயே சோதனைகளால் நிறுவினார். நூறாண்டு கழித்தும், கலவை கெட்டியாக இருக்கிறதென்று ஹோஸ் பைப்பைத் திறந்துவிடுவது கட்டுமான இடங்களில் நின்றபாடில்லை.

சுவருக்குள்ளோ தூணுக்குள்ளோ மறைந்துவிடும் கான்கிரீட்டில் இந்தத் தவறு கண்ணில் படாது. தரையில் அப்படி இல்லை. கான்கிரீட்டைப் பரப்பியதும் கனமான ஜல்லியும் மணலும் மெல்லக் கீழே அமர, தண்ணீர் மேலே கசிந்து நிற்கும். ஆகவே ஒரு தரையில் தண்ணீர் மிகுதியாகவும் வலிமை குறைவாகவும் அமையக்கூடிய பகுதி அதன் மேல் சில மில்லிமீட்டர்தான். நிறமும் பளபளப்பும் கோலமும் இருக்க வேண்டியது அதே சில மில்லிமீட்டரில்தான். அலங்காரத் தரை போடும் கைத்திறனெல்லாம் இந்த முரண்பாட்டைக் கையாள்வதில் அடங்கியிருக்கிறது.

காவித் தரை அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் பல பழைய வீடுகளில் கூடத்துத் தரை இன்றும் செக்கச்செவேலென்று மின்னுகிறது. அந்தத் தரைக்கு அடியில் கான்கிரீட், அதன் மேல் சிமெண்டும் மணலும் சேர்ந்த பூச்சு, எல்லாவற்றுக்கும் மேலே காவிப் பொடியும் சிமெண்டும் குழைத்த மெல்லிய படலம். கீழ்ப்பூச்சு ஈரம் காயுமுன்பே மேல்படலம் விழ வேண்டும். அப்போதுதான் இரண்டும் ஒரே கல்லாகப் பிணையும். பிறகு வருவது காத்திருப்பு. மேலே கசிந்த நீர் மறையும்வரை கரண்டி தொடக்கூடாது. மறைந்ததும் எஃகுக் கரண்டியால் ஒருமுறை அழுத்தித் தேய்த்து, சற்றுப் பொறுத்து, மறுபடியும் தேய்க்க வேண்டும். ஒவ்வொரு தேய்ப்பிலும் மேல்படலம் இறுகி, நுண்துளைகள் அடைபட்டு, பரப்பு கண்ணாடிபோல் மழமழப்பாகிறது. கரண்டியை எந்த நேரத்தில் வைப்பது, எந்த நேரத்தில் எடுப்பது என்பது கைத்தழும்பு ஏறிய கொத்தனாருக்குத் தெரியும்.

இதில் இரண்டு குறுக்குவழிகள் இருக்கின்றன. இரண்டும் தரையைக் கெடுக்கும். கசிந்த நீர் மறையக் காத்திருக்காமல் அதன் மேல் வெறும் சிமெண்டைத் தூவித் தேய்ப்பது ஒன்று. அப்படித் தேய்த்த மேல்படலம் சில மாதங்களில் சிலந்தி வலைபோல் மயிரிழை வெடிப்பு காணும். காய்ந்து வரும் பரப்பில் தண்ணீர் தெளித்துத் தேய்ப்பது மற்றொன்று. அந்த இடத்தில் நீர் விகிதம் எகிறி, தரை பொடி உதிரும். துடைக்கும் துணியில் ஒவ்வொரு நாளும் காவி ஒட்டும். வீட்டுக்காரர் ஆக்சைடு மட்டமானது என்று நினைத்துக்கொள்வார்.

ஆக்சைடு பெரும்பாலும் குற்றவாளி இல்லை. புதிய கான்கிரீட்டின் பி.எச். அளவு 12.5-க்கும் மேல், கடுமையான காரம். அதில் பிழைத்திருக்கும் நிறமிகள் குறைவு. பிரஷ்யன் நீலம் சிமெண்டில் விழுந்தால் சிதைந்து நிறம் மாறிவிடும். தாவரச் சாயங்களும் நிலைக்காது. இரும்பின் ஆக்சைடுகள் மட்டும் காரத்துக்கும் வெயிலுக்கும் அசைவதில்லை. சிவப்புக்கு ஹெமடைட், மஞ்சளுக்கு கோதைட், கறுப்புக்கு மேக்னடைட். பச்சைக்குக் குரோமியம் ஆக்சைடும், விலை அதிகமான நீலத்துக்குக் கோபால்ட் சேர்மமும் பயன்படுகின்றன. கறுப்புக்கு மலிவாகக் கரிப்பொடியைச் சேர்ப்பவர்கள் உண்டு. அதன் துகள்கள் மிக நுண்ணியவை. வெளியிடத்தில் மழை அவற்றைக் கழுவிக்கொண்டு போக, கறுப்புத் தரை ஆண்டுக்கு ஆண்டு சாம்பல் நிறமாகும்.

நிறமியின் அளவுக்கும் வரம்பு இருக்கிறது. சிமெண்டின் எடையில் 5 விழுக்காடு அளவிலேயே இரும்பு ஆக்சைடின் நிறம் ஏறத்தாழ முழுமையடைந்துவிடும். அதற்கு மேல் சேர்த்தால் செலவு கூடுமே தவிர நிறம் அவ்வளவாகக் கூடாது. கான்கிரீட்டில் கலக்கும் நிறமிக்கான அமெரிக்கத் தரவிதி 10 விழுக்காட்டை உச்ச வரம்பாக வைத்திருக்கிறது. நுண்பொடி அதிகமானால் கலவை கூடுதல் தண்ணீர் கேட்கும். மறுபடியும் பழைய சிக்கல். மெல்லிய மேல்படலத்தில் கொத்தனார்கள் கைக்கணக்காக இதைவிட அதிகம் போடுவதுண்டு. அங்கே கரண்டியின் அழுத்தம்தான் தரையைக் காப்பாற்றுகிறது. கைப்பிடியால் அள்ளிப் போடாமல் தராசில் நிறுத்துப் போட்டால்தான் முதல் கலவையின் சிவப்பும் பத்தாவது கலவையின் சிவப்பும் ஒன்றாக இருக்கும். தண்ணீரையும் அதேபோல் அளக்க வேண்டும். ஒரே அளவு காவி போட்டாலும், தண்ணீர் கூடிய கலவை காய்ந்தபின் வெளிறிப்போகும். மஞ்சள், இளம்பச்சை போன்ற மென்நிறங்கள் சாதாரணச் சிமெண்டின் சாம்பல் நிறத்தில் அமுங்கிவிடும் என்பதால், அவற்றுக்கு வெள்ளைச் சிமெண்ட்தான் ஏற்றது.

இந்தியாவில் வண்ணச் சிமெண்ட் தரையின் வரலாறு சிமெண்டின் வரலாற்றை ஒட்டியே வருகிறது. நாட்டின் முதல் சிமெண்ட் உற்பத்தி முயற்சி 1904-இல் சென்னையில், கடல் சிப்பிகளை மூலப்பொருளாகக் கொண்டு நடந்தது, அது நிலைக்கவில்லை. 1914-இல் போர்பந்தரில் தொடங்கிய ஆலைதான் வெற்றி பெற்றது. எட்டே ஆண்டுகளில், 1922-இல், ஃபெரோஸ்ஷா சித்வா பம்பாயில் பாரத் ஃப்ளோரிங்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். ஐரோப்பாவிலிருந்து வந்துகொண்டிருந்த சிமெண்ட் பூக்கற்களுக்கு ஈடான கல்லை உள்நாட்டிலேயே செய்ய வேண்டும் என்ற சுதேசி வேகத்தில் பிறந்த நிறுவனம் அது. செட்டிநாட்டு வீடுகளில் இத்தாலியச் சலவைக்கல்லுக்கும் வெளிநாட்டு ஓடுகளுக்கும் பக்கத்தில் ஆத்தங்குடிக் கல் இடம்பிடித்தது. இறக்குமதிச் சரக்கை வாங்கக்கூடிய வசதி இருந்தவர்களே ஊர்க்கல்லையும் தேர்ந்தெடுத்தார்கள் என்பது அதன் தரத்துக்குச் சான்று.

மொசைக் தரையின் வழி வேறு. வெனிஸ் நகரத்துத் தொழிலாளர்கள் மீந்துபோன சலவைக்கல் சில்லுகளைப் பதித்து உருவாக்கிய முறை அது. வெள்ளைச் சிமெண்டில் கல்சில்லுகளைக் கலந்து பரப்பி, இறுகியபின் கார்பரண்டம் கல்லால் தேய்த்து, மேலே இருக்கும் பலவீனமான படலத்தையே முழுதாக அறுத்து எடுத்துவிடுகிறார்கள். உள்ளே இருக்கும் கெட்டியான பகுதியும், வெட்டுப்பட்ட கல்சில்லுகளும் தரையின் முகமாகின்றன. கடைசியில் ஆக்சாலிக் அமிலம் போட்டுத் தேய்ப்பார்கள். அது சிமெண்டிலும் சலவைக்கல்லிலும் உள்ள கால்சியத்துடன் சேர்ந்து, நீரில் கரையாத கால்சியம் ஆக்சலேட்டை மேற்பரப்பில் உண்டாக்கும். தமிழ்நாட்டில் 1970, 80களில் கட்டிய வீடுகளின் மொசைக் தரை இன்றைக்கு மங்கியிருந்தால் அதைப் பெயர்த்து எறிய வேண்டிய அவசியமில்லை. மறுபடியும் தேய்த்து மெருகேற்றினால், அதே தரை புதிதாக வெளிவரும்.

வீட்டுக்கு வெளியே, மழையும் வெயிலும் படும் இடங்களுக்கான முறைகள் பெரும்பாலும் அமெரிக்காவில் வளர்ந்தன. வாஷிங்டன் நகரின் மெரிடியன் ஹில் பூங்காவில் ஜான் ஏர்லி 1910களில் தொடங்கிய வேலை ஒரு முன்னோடி. கான்கிரீட் முழுவதும் இறுகுமுன் மேலே உள்ள சிமெண்ட் பாலைத் தேய்த்து அகற்றி, உள்ளிருக்கும் ஆற்றுக் கூழாங்கற்களை வெளியே தெரியச் செய்தார். மொசைக்கில் நடப்பதைப் போலவே இங்கும் பலவீனமான படலம் போய்விடுகிறது. கூடுதலாக, சொரசொரப்பான கூழாங்கல் பரப்பு மழையில் காலை வழுக்கவிடாது.

விஸ்கான்சின் மாநிலத்து மேடிசன் நகரில் ஃபிராங்க் லாயிட் ரைட் வடிவமைத்து 1937-இல் முடிந்த ஹெர்பர்ட் ஜேக்கப்ஸ் வீட்டில் சிவப்புச் சாயம் ஏற்றிய கான்கிரீட்டே தரை. அடியில் சூடேற்றும் குழாய்கள்; மேலே ஓடும் இல்லை, மரப்பலகையும் இல்லை. குறைந்த செலவில் கட்டிய அந்த வீடு 2019-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. கலிபோர்னியாவில் பிராட் போமன் 1950களில் ஈரக் கான்கிரீட்டில் அச்சு அழுத்திக் கருங்கல், செங்கல் பாவியதுபோன்ற தோற்றம் வரவழைக்கும் முறையை வளர்த்தார். இன்று சென்னை, கோவை வில்லாக்களின் வாசலில் காணும் அச்சுக் கான்கிரீட் அந்த முறையின் வழிவந்தது.

அமெரிக்க முறையைக் கொண்டுவரும்போது அமெரிக்க அறிவுரைகளை அப்படியே கொண்டுவரக் கூடாது. அங்கே வெளித்தரையின் முதல் எதிரி பனி. நுண்துளைகளில் புகுந்த நீர் உறைந்து ஒன்பது விழுக்காடு அளவுக்கு விரிவடைந்து மேல்படலத்தைச் செதிள் செதிளாகப் பெயர்க்கும். பனியைக் கரைக்கத் தூவும் உப்பு அதை மோசமாக்கும். அதனால் கான்கிரீட்டுக்குள் திட்டமிட்டு நுண்ணிய காற்றுக் குமிழ்களை ஏற்றுகிறார்கள். உறைபனி விழும் நீலகிரி போன்ற அரிய இடங்களை விட்டால், தமிழ்நாட்டுத் தரைக்கு அந்தக் கவலை இல்லை. இங்கே எதிரி சித்திரை வெயில், ஐப்பசி அடைமழை, ஆழ்துளைக் கிணற்றின் உப்புநீர்.

வெயிலின் வேலை முதல் நாளே தொடங்கிவிடுகிறது. பரப்பிலிருந்து மணிக்குச் சதுர மீட்டருக்கு ஒரு கிலோவுக்கு மேல் நீர் ஆவியாகும் நிலை வந்தால், கான்கிரீட் இறுகுமுன்பே வெடிப்பு விடும் ஆபத்து இருக்கிறது என்பது பொறியாளர்களின் கணக்கு. கோடையில் காற்றும் வீசினால் அந்த அளவைத் தொடுவது எளிது. வெளித்தரையை நண்பகலில் போடாமல், மாலையில் தொடங்குவது இதற்காகத்தான். போடுமுன் அடிமண்ணை நனைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் அது கலவையின் நீரை உறிஞ்சிவிடும்.

பிறகு தண்ணீர் கட்டுவது. ஐ.எஸ். 456 என்ற இந்தியத் தரவிதி, சாதாரணச் சிமெண்டுக்குக் குறைந்தது 7 நாளும், வெப்பமும் வறட்சியும் மிகுந்த சூழலில் 10 நாளும் ஈரம் காக்கச் சொல்கிறது. சாம்பலோ கசடோ கலந்த சிமெண்ட் மெதுவாக இறுகும் என்பதால் அதற்கு 14 நாள் நல்லது. காவித் தரைக்கு உள்ளறையில் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவது வழக்கம். அந்த நீர் உப்பில்லாததாக இருக்க வேண்டும். நிறமேற்றிய வெளித்தரையில் பாத்தி கட்டினால் தேங்கிய இடமும் தேங்காத இடமும் வேறு வேறு நிறம் காட்டும். பாலித்தீன் விரிப்பைப் போர்த்தினால் அதன் மடிப்புகள் தரையில் கோடுகளாகப் பதியும். ஆகவே நிறத்தைக் கெடுக்காத க்யூரிங் திரவத்தைச் சீராகத் தெளித்து ஈரத்தை உள்ளே பூட்டுவது அங்கே பாதுகாப்பான வழி.

வெடிப்பைத் தவிர்க்க முடியுமா? முழுவதுமாக முடியாது; ஆனால் எங்கே வெடிக்க வேண்டும் என்பதை முடிவு செய்ய முடியும். உபரி நீர் வெளியேறும்போது 10 மீட்டர் நீளக் கான்கிரீட் 4 முதல் 8 மில்லிமீட்டர் வரை சுருங்கும். அதே நீளத்தில் வெப்பம் 30 டிகிரி மாறினால் 3 மில்லிமீட்டர் நீளும், குறுகும். அடியில் மண் பிடித்துக்கொள்ள, மேலே சுருங்க, எங்காவது ஓரிடத்தில் விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும். அதற்காகத் தரையின் தடிமனைப்போல் 24 முதல் 30 மடங்கு இடைவெளியில் வெட்டுக்கோடு விடுகிறார்கள். 100 மில்லிமீட்டர் தடிமன் என்றால் ஏறத்தாழ 2.4 முதல் 3 மீட்டருக்கு ஒரு கோடு. ஆழம் தடிமனில் கால்பங்கு. கான்கிரீட் போட்ட ஒரு நாளுக்குள் கோடு விழ வேண்டும். தாமதித்தால் வெடிப்பு தன் வழியைத் தானே தேர்ந்தெடுத்துவிடும். பழைய மொசைக், காவித் தரைகளில் கட்டம் கட்டமாகப் பதித்த கண்ணாடிப் பட்டைகள் அழகுக்காக மட்டும் இல்லை. அவை செய்வதும் இதே வேலைதான். அச்சுக் கான்கிரீட்டில் அந்தக் கோட்டை அச்சின் கல்வரிசை மேலேயே விழும்படி திட்டமிட்டால் கண்ணுக்குத் தெரியாது.

இவ்வளவும் தெரிந்தபின் தேர்வு எளிதாகிறது. கூடம், படுக்கையறை, வராந்தா ஆகியவற்றுக்கு ஆத்தங்குடிக் கல், காவித் தரை, மொசைக் மூன்றுமே பொருந்தும். கைதேர்ந்த கொத்தனார் கிடைத்தால் காவித் தரை. கிடைப்பது சந்தேகம் என்றால், பட்டறையிலேயே தரம் பார்த்து வாங்கக்கூடிய பூக்கல். சமையலறை மேடைக்கு இம்மூன்றும் வேண்டாம். புளியும் எலுமிச்சையும் மோரும் தினமும் சிந்தும் இடம் அது. அமிலம் எதுவானாலும் சிமெண்டிலுள்ள சுண்ணாம்பைத் தின்றுவிடும். மழை படும் திறந்த முற்றத்துக்கு மழமழப்பான காவித் தரை ஆபத்து. ஈரம் பட்டால் வழுக்கும். அங்கே கூழாங்கல் தெரியும் கான்கிரீட், துடைப்பத்தால் கோடிழுத்த கான்கிரீட், சொரசொரப்பான அச்சுக் கான்கிரீட் ஆகியவை நல்லவை. எதைப் போட்டாலும் வாட்டம் முக்கியம். ஐம்பது அடிக்கு ஓரடி என்ற கணக்கில் சரிவு கொடுத்தால் தண்ணீர் நிற்காது. அச்சின் பள்ளங்களில் தங்கும் நீரும் ஓடிப்போகும்.

கார் ஏறும் இடத்தில் அழகுக்கு முன்னால் அடித்தளம் பேச வேண்டும். நன்றாகத் திமிசு போட்டு இறுக்கிய மண், அதன் மேல் ஜல்லிப் படுகை, குறைந்தது 100 மில்லிமீட்டர் கான்கிரீட். புதுத் தரையில் ஒரு வாரமாவது காரை ஏற்றக் கூடாது. மண் இளகலாகவோ களியாகவோ இருந்தால் பேவர் பிளாக் புத்திசாலித்தனமான தேர்வு. ஒவ்வொரு கல்லும் தனித்தனியாக இருப்பதால் மண் அசைந்தாலும் வெடிப்பு ஓடாது. அமுங்கிய இடத்தை மட்டும் எடுத்துச் சமன்செய்து திரும்பப் பதிக்கலாம். பேவர் பிளாக்குக்காக 2006-இல் வெளிவந்த ஐ.எஸ். 15658, கார் நிறுத்தும் இடம் போன்ற குறைந்த போக்குவரத்துக்கு 60 மில்லிமீட்டர் தடிமனும் எம்-35 வலிமையும் பரிந்துரைத்தது. கடையில் விலை கேட்பவர்கள் நிறத்தையும் வடிவத்தையும் மட்டும் பார்க்காமல் இந்த இரண்டையும் கேட்க வேண்டும்.

வீட்டுக்குள் போடும் எந்தத் தரைக்கும் அடியில் ஈரம் தடுக்கும் பாலித்தீன் விரிப்பு தேவை. அது இல்லாவிட்டால் மண்ணின் ஈரம் நுண்துளைகள் வழியே மேலேறி வரும். வரும் வழியில் சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு வந்து மேலே விட்டுச் செல்லும். அது காற்றிலுள்ள கரியமில வாயுவுடன் சேர்ந்து கால்சியம் கார்பனேட்டாகி, சிவப்புத் தரையில் வெள்ளை பூக்கும். புதுத் தரை முதல் சில மாதங்களில் இலேசாகப் பூப்பது இயல்பு. காய்ந்த தூரிகையால் தேய்த்து அகற்றி, பிறகு நல்ல நீரில் துடைத்தால் போதும்; நாளடைவில் குறைந்துவிடும். மாதங்கள் கடந்தும் ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் பூத்தால், அங்கே அடியிலிருந்தோ உடைந்த குழாயிலிருந்தோ நீர் வருகிறது என்று பொருள். பூப்பு அடங்குமுன் மேலே நீர் தடுக்கும் சீலர் அடித்தால் வெள்ளை உள்ளேயே சிறைப்பட்டு நிரந்தரமாகிவிடும்.

இந்த வெள்ளையைப் போக்க ஆசிட் ஊற்றுவதுதான் நம் வீடுகளில் வண்ணத் தரைக்கு நேரும் மிகப் பெரிய கொடுமை. கழிவறை கழுவும் ஹைட்ரோகுளோரிக் அமிலம் வெள்ளையை மட்டும் தேர்ந்து கரைக்காது. சிமெண்டுப் பசையையும் கரைத்து, மின்னும் படலத்தைச் சொரசொரப்பாக்கி, அடுத்த கறை இன்னும் ஆழமாகப் புக வழி திறந்துவிடும். புதிதாகப் பதித்த பூக்கல்லில் ஒட்டிய சிமெண்ட் கறையைப் போக்க ஆசிட் பூசியதால் முதல் வாரத்திலேயே முகம் இழந்த தரைகள் ஏராளம். வேலை நடக்கும்போதே ஈரத்துணியால் துடைத்துவிட்டால் அந்தத் தேவையே எழாது. எலுமிச்சை, வினிகர் கலந்த துடைப்புத் திரவங்களும் தவிர்க்க வேண்டியவை. காரமும் அமிலமும் இல்லாத மென்சோப்பு சில துளிகள், ஒரு வாளி நல்ல தண்ணீர், மென்துணி. உள்தரைக்கு இதுவே போதும்.

பழைய வீடுகளில் துடைக்கும் நீரில் சில துளி தேங்காய் எண்ணெய் விடுவார்கள். எண்ணெய் நுண்துளைகளின் வாயில் தங்கி நீர் புகுவதைக் குறைக்கிறது. நிறத்தையும் ஆழமாகக் காட்டுகிறது. ஆத்தங்குடிக் கல் புழங்கப் புழங்க மின்னுவதற்கு அன்றாட நடையும் துடைப்பும் எண்ணெயும் சேர்ந்து காரணம். அளவு மிஞ்சினால் பிசுக்கு ஏறித் தூசு ஒட்டும், காலும் வழுக்கும். பொடி உதிரும் தரைக்கு எண்ணெய் பயன்படாது. அதற்குச் சிலிக்கேட் கடினமாக்கி இருக்கிறது. சோடியம் அல்லது லித்தியம் சிலிக்கேட் கரைசல் நுண்துளைகளுக்குள் புகுந்து, அங்கே சும்மா கிடக்கும் சுண்ணாம்புடன் வினைபுரிந்து, சிமெண்டின் பசைப்பொருளையே புதிதாக உண்டாக்கித் துளைகளை அடைக்கிறது.

வெளித்தரைக்குச் சீலர் வேண்டும். அக்ரிலிக் சீலர் மேலே படலமாக நின்று நிறத்தை எடுத்துக் காட்டும். இரண்டு, மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். ஈரம் முழுதும் உலராமல் அடித்தால் படலம் பாலாய் வெளுக்கும். கார் நிறுத்தும் இடத்தில் சூடான டயர் அதை உரித்தெடுக்கும். சைலேன், சைலாக்சேன் வகைகள் உள்ளே ஊறி, படலம் இல்லாமலேயே நீரை விலக்கும். பளபளப்பு தராது, வழுக்கவும் செய்யாது. எப்பாக்சி வெயிலில் மஞ்சளாகும் என்பதால் கூரைக்கு உள்ளே மட்டும்தான். சீலர் இன்னும் வேலை செய்கிறதா என்று பார்க்கத் தரையில் சில துளி நீர் விட்டால் போதும். துளி திரண்டு நின்றால் சீலர் இருக்கிறது. சில நிமிடங்களில் கருமையாக ஊறிப்போனால் அடுத்த பூச்சுக்கு நேரமாகிவிட்டது. நிழலான முற்றத்தில் பாசி படிந்தால் மழைக்காலம் முழுக்க விட்டுவைக்காமல் கட்டைத் துடைப்பத்தால் தேய்த்துக் கழுவ வேண்டும். அதிவேக நீர்ப்பீச்சியை மிக அருகில் பிடித்தால் பாசியோடு சேர்ந்து மேல்படலமும் பெயரும்.

பழுது பார்ப்பதில் ஒரு விதிமுறை உண்டு. உடைந்த காவித் தரையில் ஒட்டுப்போட்டால், எவ்வளவு கவனமாகக் கலந்தாலும் அந்த ஒட்டு தனித்துத் தெரியும். சிமெண்டும் நீரும் வயதும் மாறிவிட்டதால் நிறம் ஒத்துப்போகாது. கண்ணாடிப் பட்டையிலிருந்து பட்டை வரை அந்தக் கட்டம் முழுவதையும் பெயர்த்துப் புதிதாகப் போட்டால், வேறுபாடு வடிவமைப்பின் பகுதியாகவே அமைந்துவிடும். பூக்கல்லுக்கு வழி இன்னும் எளிது. கையால் வார்ப்பதால் தொகுதிக்குத் தொகுதி நிறம் சற்று மாறும். ஆகவே முதலில் வாங்கும்போதே இருபது கல்லுக்கு ஒன்று வீதம் கூடுதலாக வாங்கிப் பரணில் வைத்துக்கொள்கிறார்கள். பதிக்கும்போது ஒரே பெட்டியிலிருந்து வரிசையாக எடுக்காமல் நாலைந்து பெட்டிகளைத் திறந்து கலந்து எடுத்தால், பின்னாளில் மாற்றிப் பதிக்கும் கல்லும் கூட்டத்தோடு கலந்து நிற்கும்.